அடுத்தவர் காரில் நம் பிள்ளை: ஓர் ஒகேனக்கல் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு சீட் கார் ஒன்று ஒகேனக்கல்லுக்குக் கிளம்பியது. உள்ளே ஒன்பது பேர், அதில் ஆறு பேர் பிள்ளைகள். சாயங்காலம் திரும்பும்போது, பென்னாகரம் தாண்டி இண்டூர் வருவதற்கு முன்னால், பக்கத்து மண் ரோட்டில் இருந்து ஒரு பைக் சட்டென்று குறுக்கே வந்திருக்கிறது. ஓட்டினவர் பிரேக் அடித்து இடது பக்கம் ஒடித்ததில் வண்டி சாலையோரச் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் மோதி நின்றுவிட்டது. பைக்கில் வந்தவருக்கு ஒன்றும் இல்லை. காரில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதனால் இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை, தெருவிலும் "சாமி காப்பாத்துச்சு" என்ற அளவில் பேச்சு அடங்கிவிட்டது.

எனக்கு அப்படி அடங்கவில்லை. ஒரே கார், ஒரே மோதல், ஆனால் ஆறு பிள்ளைகளுக்கும் ஆறு விதமாக ஆகியிருக்கிறது. ஒருவனுக்குத் தோளில் சிவந்த கோடு மட்டும். இன்னொருவனுக்கு மறுநாள் வயிற்றைத் திறந்து ஆபரேஷன். இந்த வித்தியாசத்துக்கு அதிர்ஷ்டம் காரணம் இல்லை, யார் எந்த சீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த ஆறு பேரில் ஒருத்தி என் அக்கா மகள், அந்தக் கார் பிறகு வந்து நின்றது கிருஷ்ணகிரியில் உள்ள என் ஒர்க்‌ஷாப்பில். வண்டியையும் பார்த்தேன், வண்டியில் போனவர்களிடமும் பேசினேன். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் எழுதச் சொன்னார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

முதலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில் இருந்துதான் வருகிறது. ஓட்டினவர் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், காரும் அவருடையதுதான், பெல்ட் போட்டிருந்தார். முன் சீட்டில் அவர் மனைவி, அவரும் போட்டிருந்தார். நடு வரிசையில் இடது ஜன்னல் ஓரம் ஓட்டினவரின் அம்மா, மடியில் மூன்று வயதுப் பேத்தி, இருவருக்கும் பெல்ட் இல்லை. நடுவில் என் அக்கா மகள், ஒன்பது வயது, பெல்ட் இல்லை. முன்னால் பாட்டுப் பெட்டி தெரிகிற மாதிரி சீட்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். வலது ஜன்னல் ஓரம் எதிர் வீட்டுப் பையன், ஏழு வயது, பெல்ட் போட்டிருந்தான். இவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இரண்டு பேருக்கான இடத்தில் மூன்று பேர்: காரின் சொந்தக்காரர் மகன் பதினொரு வயது, அவனுடைய பெரியப்பா மகள் பன்னிரண்டு வயது, இருவருக்கும் பெல்ட், இடையில் இன்னொரு எட்டு வயதுப் பையன், அவனுக்குப் பெல்ட்டும் இல்லை, சரியான இடமும் இல்லை.

இது ஏதோ அஜாக்கிரதையான ஆள் ஓட்டிய வண்டி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மனிதர் குடிக்காதவர், போன் எடுத்தால் வண்டியை ஓரம் கட்டுகிறவர், பென்னாகரம் தாண்டி வருகிற மலை வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன் என்று சொன்னார், நம்புகிறேன். தொப்பூர் கணவாய் மாதிரி விபத்துக்குப் பேர் வாங்கின இடம் என்றால் எல்லோருமே நிமிர்ந்து உட்கார்ந்து கொள்கிறோம், பெல்ட்டையும் தேடுகிறோம். விபத்து நடந்ததோ வளைவு எல்லாம் முடிந்து, "இனி நேர் ரோடுதான்" என்று எல்லோரும் சாய்ந்துகொண்ட இடத்தில்.

மோதும்போது வேகம் 40 இருக்கும் என்பது அவர் கணக்கு. முன்பக்கம் நசுங்கியிருந்ததைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாற்பதெல்லாம் ஒரு வேகமா என்று கேட்பார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் போய் மோதுவதும், ஆறு மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து, அதாவது மாடி வைத்த வீட்டின் மொட்டை மாடியில் இருந்து கீழே விழுவதும் ஒன்றுதான். கார் நின்றுவிடுகிறது, உள்ளே பெல்ட் இல்லாமல் இருக்கிறவர்கள் நிற்பதில்லை, அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார்கள், எதிலாவது மோதும் வரை.

அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு எடை 13 கிலோ. வண்டி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றது என்று வைத்தால், அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து வைக்கப் பாட்டியின் கைக்கு ஏறக்குறைய 150 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். பயில்வானாலும் முடியாது. "கெட்டியா புடிச்சிருந்தேன்யா, எப்படிப் போச்சுன்னே தெரியல" என்று அந்த அம்மா இப்போதும் அழுகிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, கையால் முடியாத வேலையைக் கையிடம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். குழந்தை முன் சீட்டின் முதுகில் போய் அடித்து உதடு கிழிந்து, முன் பல் இரண்டு போனது. பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது.

இதில் ஒரு விஷயம் நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. போகும்போது அந்தக் குழந்தை முன் சீட்டில் அம்மா மடியில்தான் இருந்திருக்கிறது. திரும்பும்போது பென்னாகரத்தில் டீக்கு நிறுத்தின இடத்தில் "என்கிட்ட குடு, நீ கொஞ்சம் கண்ணசரு" என்று பாட்டி வாங்கிக்கொண்டார். மோதலில் முன்பக்க ஏர்பேக் இரண்டும் வெடித்திருந்தன. ஏர்பேக் மெதுவாக ஊதிப் பெருக்கிற தலையணை இல்லை, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வெளியே வருகிற பை, பெல்ட் போட்ட பெரியவர்களின் உடம்பை மனதில் வைத்துச் செய்தது. மடியில் இருக்கும் குழந்தையின் தலை அந்தப் பைக்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் இடையில் இருந்திருக்கும்.

என் அக்கா மகள் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் புகுந்து கியர் பெட்டி மேல் விழுந்தாள். காறை எலும்பு முறிவு, நெற்றியில் தையல். கடைசி வரிசையில் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் முன் வரிசை சீட்டின் முதுகில் மோதி முழங்காலும் மூக்கும் அடிபட்டான். பெல்ட் இல்லாத ஆள் தான் மட்டும் அடிபடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவன் மோதினது பாட்டி உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகில், அந்த அழுத்தமும் பாட்டி மேல்தான் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் பெல்ட் போட்டிருந்த பதினொரு வயதுக்காரனுக்கும் பன்னிரண்டு வயதுக்காரிக்கும் தோளிலும் நெஞ்சிலும் பெல்ட் பட்ட சிவப்பு, இரண்டு நாள் வலி. அவ்வளவுதான்.

வண்டி என்ன சொன்னது

ரிக்கவரி வண்டியில் கார் வந்து இறங்கினதும் நான் முதலில் பார்த்தது இன்ஜினை இல்லை, பெல்ட்டுகளைத்தான். மோதலில் ஆளைத் தாங்கின பெல்ட் அடையாளம் வைத்துக்கொள்ளும். நாடா, பக்கிள் நாக்கில் உரசின இடத்தில் பளபளவென்று தேய்ந்திருக்கும், சில இடத்தில் நூல் இழுத்து அலையலையாக நிற்கும், தோளுக்கு மேலே தூணில் இருக்கிற வளையத்தின் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். முன் இரண்டு பெல்ட்டிலும் இதெல்லாம் இருந்தது. கடைசி வரிசை இரண்டிலும் லேசாக இருந்தது.

நடு வரிசை வலது பக்க பெல்ட்டில்தான் குழம்பினேன். இடுப்புப் பக்கம் நாடா நன்றாகத் தேய்ந்திருந்தது, மேலே தோள் பக்கம் போக வேண்டிய பகுதியில் ஒன்றுமே இல்லை. அந்த ஏழு வயதுப் பையனிடம் மெதுவாகக் கேட்டபோது விளங்கியது. பெல்ட் கழுத்தை அறுத்திருக்கிறது, அதனால் தோள் நாடாவை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இடுப்பு நாடாவோடு மட்டும் உட்கார்ந்திருக்கிறான். "அம்மா பெல்ட் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றான். போட்டுத்தான் இருந்தான். அந்த ஆறு பேரில் அம்மா சொன்ன பேச்சை முழுசாகக் கேட்ட பிள்ளை அவன்தான், பெரிய ஆபத்துக்குப் போய் வந்ததும் அவன்தான்.

என்ன நடந்தது என்றால், இடுப்பு நாடா இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த எலும்பின் முன் விளிம்பு பெரியவர்களுக்கு மாதிரி எடுப்பாக வளர்ந்திருக்காது, பெல்ட் பிடிக்க அங்கே இடமில்லை. அதோடு சீட் அவர்களுக்கு ஆழம் அதிகம், முழங்கால் மடங்க வேண்டும் என்று முன்னால் சரிந்து உட்காருகிறார்கள், நாடா தானாக வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. தோள் நாடாவும் இல்லாததால் மோதும்போது மொத்த உடம்பும் வயிற்றின் குறுக்கே இருக்கிற அந்த ஒரு நாடாவில் மடிகிறது. எலும்பு இல்லாத இடம், உள்ளே குடல், பின்னால் முதுகுத்தண்டு.

விபத்து நடந்த அன்று எல்லோரையும் போல அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தம் வந்த பிள்ளைகளைத்தான் எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள், இவன் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தான். ராத்திரி வீட்டில் வாந்தி. வயிறு வலி என்றான், ஒகேனக்கல்லில் சாப்பிட்ட மீன் வறுவல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடியற்காலையில் வயிறு கல் மாதிரி இறுகி, காய்ச்சலும் வந்ததும் சட்டையைத் தூக்கிப் பார்த்தால், தொப்புளுக்குக் கீழே குறுக்காக ஒரு பட்டையான ரத்தக்கட்டு. ஸ்கேன் எடுத்து, அன்றே ஆபரேஷன். சிறுகுடலில் ஓட்டை.

பெல்ட் கோடு வயிற்றில் தெரிந்தால் அது தோல் காயம் இல்லை, உள்காயத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். குடல் அடிபட்டால் முதல் சில மணி நேரம் பிள்ளை சாதாரணமாகக்கூட இருக்கலாம், வலி பிறகு வரும். விபத்துக்குப் பிறகு பிள்ளை எவ்வளவு நன்றாக ஓடி ஆடினாலும் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். வயிற்றில் கோடு, வாந்தி, வயிறு விறைப்பு, முதுகு வலி, தூங்கி வழிவது, இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், "கார் மோதினப்போ பெல்ட் போட்டிருந்தான்" என்ற தகவலோடு நேராக ஆஸ்பத்திரி. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது, திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும்.

இப்போது நடு சீட். என் அக்கா மகள் எங்கள் வண்டியில் ஏறினால் சாவி போடுவதற்கு முன்பே பெல்ட் போடுகிறவள். அன்றைக்கு ஏன் போடவில்லை? அந்த சீட்டில் இடுப்புக்கு மட்டும் கட்டுகிற பெல்ட் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் பக்கிள் ரெக்சின் சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்தது, நான் ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பித்தான் வெளியே எடுத்தேன். நாடா கம்பெனியில் இருந்து வந்த மடிப்போடு அப்படியே புதுசாக இருந்தது. கவர் போடும்போது பக்கிளை அடியில் தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. "உட்கார்ந்தா குத்துது, உள்ளே விட்டுடுங்க" என்று கஸ்டமரே கேட்பதும் உண்டு. யார் கேட்டாலும் செய்யக் கூடாத வேலை இது. எங்கள் கடையில் கவர் போட்டு முடிந்ததும் எல்லா பக்கிளையும் ஒவ்வொன்றாகப் பூட்டிக் காட்டித்தான் சாவி கொடுக்கிறோம். பக்கிளுக்குள் சொருகி அலாரத்தை ஏமாற்றும் கிளிப்புகளையும் விற்பதில்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளில் இருந்தே அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது, ஆனாலும் கேட்டு வருகிறார்கள்.

கேட்க ஒரு மாதிரியா இருந்துச்சு

"தேடிப் பார்த்தேன் மாமா, கிடைக்கல. அங்கிள்கிட்ட கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. பாட்டியும் போடல." இதுதான் அவள் சொன்னது. ஒன்பது வயதுப் பிள்ளை வேறொருவர் வண்டியில், வேறொருவர் வீட்டு ஆட்களோடு, அவர்கள் பெட்ரோலில் போகிறாள். அந்த வண்டியில் எது வழக்கமோ அதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறாள். அடுத்தவர் வீட்டில் போனால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்காதே, ஃபேன் வேகத்தைக் கூட்டச் சொல்லாதே என்று நாம்தானே சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்த நல்ல பழக்கம்தான் அன்றைக்கு அவளைப் பெல்ட் இல்லாமல் உட்கார வைத்தது.

அக்காவிடம் கேட்டேன், நீயாவது போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று. "ஓசியில கூட்டிட்டுப் போறவங்ககிட்ட போய் நாம சட்டம் பேச முடியுமாடா?" என்றாள். இந்த ஒரு கேள்விதான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். எத்தனை பேர் போகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. எதிர் வீட்டு அம்மாவுக்கும் தெரியாது. காரின் சொந்தக்காரரோ பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று ஒருவர் பின் ஒருவராக ஏற்றிக்கொண்டிருக்கிறார். "பிள்ளைங்கதானே, ரெண்டு பேருக்கு ஒரு சீட் போதும்" என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற கணக்கு, பஸ்ஸில் அரை டிக்கெட் என்பதால் காரிலும் அரை ஆள். பெல்ட்டுக்கு அரை ஆள் கிடையாது. ஒரு பெல்ட்டை இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்துப் போட்டால் மோதும்போது இரண்டு தலையும் ஒன்றோடொன்று இடிக்கும், அதுவும் கூடாது.

அன்றைக்கே நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். இதே ஆறு பிள்ளைகளும், பாட்டி உட்பட, ஒகேனக்கல்லில் பரிசலில் போனார்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், போட்டோ இருக்கிறது. யாரும் கூச்சப்படவில்லை, யாரும் "பக்கத்துலதானே" என்று சொல்லவில்லை, அழுக்காக இருக்கிறது என்று முகம் சுளித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஏனென்றால் பரிசல்காரர் கேட்கவில்லை, மாட்டிவிட்டார். போடாதவர் ஏற முடியாது, இத்தனை பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். பயணியின் மானம் மரியாதைக்கு இதில் இடமே வரவில்லை. தண்ணீரில் ஏறும்போது இருந்த இந்த ஒழுங்கு, கரையில் இறங்கி காரில் ஏறியதும் போய்விட்டது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் முதலில் சொல்ல வேண்டும், பிள்ளை சொல்லும் என்றோ பிள்ளையைப் பெற்றவர் சொல்வார் என்றோ காத்திருக்கக் கூடாது என்பதுதான் என் தீர்மானமான கருத்து.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் வைத்து வண்டி ஓட்டினால், ஓட்டுகிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம். யார் பெற்ற பிள்ளை என்ற கேள்வியே அதில் இல்லை. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது உண்மையிலேயே அதிர்ந்து போனார்: "முன்னாடி சீட்டுக்குத்தான் பெல்ட்டுன்னு நெனச்சேன். யாரும் பின்னாடி பார்த்துப் புடிச்சதே இல்லையே." அதுவும் உண்மைதான், கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கிற வண்டிகளின் பின் சீட்டைப் பார்த்தாலே தெரியும்.

பின் சீட் பத்திரம் என்ற நம்பிக்கையை 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியின் மரணம் உடைத்திருக்க வேண்டும். மகாராஷ்டிராவின் பால்கர் அருகே பாலத்துச் சுவரில் மோதிய அந்த விலை உயர்ந்த காரில் பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள், முன்னால் இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி அந்த ஒரு வருடத்தில் நாட்டில் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர், அதில் 8,331 பேர் ஓட்டுநர்கள் இல்லை, கூடப் போனவர்கள்.

சரி, எப்படிக் கேட்பது?

இந்த விபத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நாங்கள் செய்து பார்த்து, வேலைக்கு ஆகிறது என்று தெரிந்ததைச் சொல்கிறேன். முதலாவது, கேட்க வேண்டியது கிளம்பும்போது வாசலில் நின்று இல்லை, முந்தின நாளே போனில். வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டால் அது அவர் ஓட்டுகிற லட்சணத்தைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுகிறது, அவருக்கும் ஏறினவர்களில் ஒருவரை இறக்கிவிட முடியாது. முந்தின நாள் என்றால், "அண்ணா, நாளைக்கு எத்தனை பேர் போறீங்க? பாப்பாவுக்கு பெல்ட்டோட ஒரு சீட் இருக்குமா? இல்லன்னா பரவாயில்ல, இன்னொரு தடவை அனுப்புறேன்" என்று அக்கா கேட்கிறாள். ஆள் எண்ணிக்கையைக் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். கோபித்துக்கொண்டவர்கள் உண்டா என்றால் உண்டு, ஒரு உறவுக்காரர் "என் வண்டியில ஏறவே பயமா இருக்கா" என்றார். அக்கா பதில் பேசாமல் பிள்ளையை பஸ்ஸில் கூட்டிப் போனாள். மனஸ்தாபம் ஒரு வாரம் இருந்தது, போய்விட்டது.

பிள்ளைக்கும் ஒரு வாக்கியம் கொடுக்க வேண்டும். "பெல்ட் போடுங்க" என்று பெரியவர்களைத் திருத்துகிற மாதிரி பேசச் சொன்னால் எந்தப் பிள்ளையும் பேசாது. "அங்கிள், என் பெல்ட் மாட்ட வரல, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று உதவி கேட்கச் சொன்னால் கேட்டுவிடுகிறது. என் அக்கா மகள் இப்போது இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள், யாரும் மறுத்ததாக அவள் சொல்லவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற விதவிதமான வண்டிகளில் உட்கார வைத்து, பக்கிளை சீட் இடுக்கில் கை விட்டுத் தேடி எடுக்கவும், நாடா முறுக்கிக்கொண்டால் நேராக்கவும், மாட்டினதும் வெடுக்கென்று இழுத்து லாக் ஆகிறதா என்று பார்க்கவும் பழக்கியிருக்கிறேன். விருந்தாளியாகப் போகிற வண்டியில் முதல் தடவையாகத் தேடினால் கிடைக்காது.

அடுத்தது பெல்ட் பொருந்துகிறதா என்பது. பெரியவர் பெல்ட் ஒரு பிள்ளைக்குப் போதுமா என்று வயதை வைத்துச் சொல்ல முடியாது, உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பிரிட்டனில் 135 சென்டிமீட்டர் உயரம் அல்லது 12 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட் கட்டாயம். 145 வரை வேண்டும் என்று சொல்கிற நாடுகளும் இருக்கின்றன. அளவு டேப் இல்லாவிட்டால் உட்கார வைத்தே பார்க்கலாம்: முதுகு சீட்டில் முழுசாக ஒட்டி இருக்கும்போது முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்க வேண்டும், இடுப்பு நாடா தொடை தொடங்கும் இடத்தில் படிய வேண்டும், தோள் நாடா கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் போக வேண்டும், வழி முழுக்க அப்படியே உட்கார்ந்து வர முடிய வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் பூஸ்டர் தேவை. அந்த ஏழு வயதுப் பையனுக்கு எதுவுமே பொருந்தியிருக்காது.

பூஸ்டர் என்பது பிள்ளையை உயர்த்தி, பெல்ட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிற கெட்டியான இருக்கை. முதுகு இல்லாத வகை லேசானது, ஸ்கூல் பை மாதிரி கையில் தூக்கிக்கொண்டு யார் காரில் வேண்டுமானாலும் ஏறலாம், அடுத்தவர் வண்டிக்கு இதைவிட வசதியானது இல்லை. நாலு வயதுக்கு மேல், 15 கிலோவுக்கு மேல் என்றால் பூஸ்டர் போடலாம், ஆனால் முதுகு இல்லாத வகை 125 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் உள்ள பிள்ளைக்குத்தான் நல்லது. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி வார் உள்ள சீட்டுதான் வேண்டும். வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பிய முத்திரையோ ஏஐஎஸ் 072 என்ற நம் நாட்டுத் தர எண்ணோ இருக்கிறதா பாருங்கள். இடுப்புக்கு மட்டும் கட்டுகிற பெல்ட்டில் பூஸ்டரைப் போடக் கூடாது, தோள் நாடாவும் இருக்க வேண்டும். தலையணையையோ மடித்த ஜமக்காளத்தையோ அடியில் வைப்பது வேண்டவே வேண்டாம், மோதும்போது அது நழுவி ஓடும், பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். கழுத்தை அறுக்கிறது என்று நாடாவை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வதும் அதே அளவு ஆபத்து, மொத்த பலமும் விலாவில் இறங்கும், உள்ளே ஈரலும் மண்ணீரலும் இருக்கின்றன.

இதோடு சம்பந்தப்பட்டதுதான், எழுதாமல் விட மனசு வரவில்லை: ஓசூர் ரோட்டில் சன்ரூஃபைத் திறந்து பிள்ளைகளை நிற்க வைத்து ஓட்டிப் போகிறார்கள். ஒரு நாய் குறுக்கே வந்து பிரேக் அடித்தால் அந்தத் தகரத்தின் விளிம்பு பிள்ளையின் நெஞ்சில் இறங்கும். அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான்.

காரின் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. விபத்தில் ஆளைத் தாங்கின பெல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், அந்த வண்டியில் நாங்கள் ஐந்தையும் மாற்றினோம். அப்புறம் இன்சூரன்ஸ்: வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வைத்திருக்கிற சொந்தக் காரில் சும்மா கூட வருகிறவர்கள் அடிபட்டால் அவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது பெரும் சிக்கல், பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் நிம்மதி. மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்துப் போன அன்று நடு சீட் பக்கிளைத் தானே பூட்டித் திறந்து பார்த்தார். அந்த சீட்டில் தோள் நாடா இல்லாததால் இனி அதில் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை, பெரியவர்களுக்கு மட்டும்தான் என்கிறார். பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளைக் கே.ஆர்.பி. அணைக்குக் கூட்டிப் போனபோது முந்தின நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, பிள்ளைகளுக்கு நாலு சீட்தான் இருக்கிறது, பூஸ்டர் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்கா அனுப்பினாள்.

எதிர் வீட்டு அம்மா அனுப்பவில்லை. பையன் நன்றாகத் தேறிவிட்டான், பள்ளிக்கூடம் போகிறான், விளையாடுகிறான், ஆனால் அந்த அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இன்னும் சரியாகவில்லை. நான் யார் பக்கமும் பேசவில்லை. அவர் என்னிடம் வந்து பூஸ்டர் வாங்கிக் கொடுக்கச் சொன்னார், வாங்கிக் கொடுத்தேன், மாமனார் காரில் அதை எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். அப்புறம் கேட்டார், பையன் டியூஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறானே, அதில் இதை வைக்க முடியுமா என்று. ஆட்டோவில் பெல்ட்டே கிடையாது, பெல்ட் இல்லாமல் பூஸ்டரால் ஒரு பிரயோசனமும் இல்லை, வைத்தால் வழுக்கி விழத்தான் செய்வான். அதைத்தான் சொன்னேன். நடந்து போகிற தூரத்தில் வேறு டியூஷன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.